விமானம் நின்றால்தான் வாஷிங்டனுக்கு விடியும்

2025 அக்டோபர் 6-ஆம் தேதி மாலை, லாஸ் ஏஞ்சல்ஸை ஒட்டியிருக்கும் பர்பாங்க் விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ஒருவர்கூட இல்லை. விமானங்கள் என்னவோ வந்துகொண்டும் போய்க்கொண்டும்தான் இருந்தன. வானத்தில் இருந்தவற்றை சான் டியாகோ பக்கம் உட்கார்ந்திருந்த இன்னொரு குழு பார்த்துக்கொண்டது. தரையில் இருந்த விமானிகள், யார் எந்தப் பக்கம் போகிறோம் என்பதை ரேடியோவில் தங்களுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு சமாளித்தார்கள். பல மணி நேரம் இப்படியே ஓடியது.

அமெரிக்க அரசு மூடப்பட்டு அன்றைக்கு ஆறாவது நாள்.

அது 43 நாள் நீண்டது. அதுவரை நடந்த ஷட்டவுன்களிலேயே மிக நீளமானது. வாஷிங்டனுக்கு மேற்கே, வர்ஜீனியாவில், டல்லஸ் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் என் வீடு. எங்கள் தெருவில் நாலு வீட்டுக்கு ஒரு வீடாவது ஏதோ ஒரு வகையில் மத்திய அரசுச் சம்பளத்தை நம்பியிருக்கிறது. அதனால் இங்கே ஷட்டவுன் என்பது செய்தியில் வரும் அரசியல் சண்டை மட்டுமில்லை. மளிகைக் கடையில் தெரியும், தமிழ்ப் பள்ளி வாசலில் தெரியும். 2013-இல் 16 நாள், 2018 டிசம்பரிலிருந்து 2019 ஜனவரி வரை 35 நாள், 2025-இல் 43 நாள் என்று பார்த்த பிறகு எனக்கு ஒரு விஷயத்தில் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. அரசு ஊழியர் படும் பாடு எத்தனை பெரிதானாலும் ஷட்டவுன் முடியாது. பயணிகள் படும் பாடு ஆரம்பித்ததும்தான் முடிவு கண்ணுக்குத் தெரியும்.

முதலில், ஒரு அரசு எப்படி மூடும் என்ற கேள்வி. ஊரிலிருந்து யார் பேசினாலும் இதைத்தான் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இந்தியாவில் நிதி மசோதா மக்களவையில் தோற்றால் ஆட்சியே போய்விடும். பட்ஜெட் தாமதமானால் சில மாதச் செலவுக்கு மட்டும் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. இங்கே அதிபருக்கு நாலு வருடம், அவருடைய நாற்காலி ஆடாது. செனட்டும் பிரதிநிதிகள் சபையும் சேர்ந்த இங்கத்து நாடாளுமன்றத்துக்குக் காங்கிரஸ் என்று பெயர், அதன் உறுப்பினர்களின் நாற்காலியும் ஆடாது. பணம் மட்டும் நின்றுவிடும். நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்குகிறது. அதற்குள் செலவு மசோதாக்களோ தற்காலிக நீட்டிப்போ நிறைவேறவில்லை என்றால், காங்கிரஸ் ஒதுக்காத பணத்தைச் செலவழிக்கக்கூடாது என்கிற 19-ஆம் நூற்றாண்டுச் சட்டம் ஒன்று குறுக்கே வந்து நிற்கும்.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டம் நூறு வருடத்துக்கு மேலாக இருந்தும் யாரும் அரசை மூடவில்லை. பணம் ஒதுக்குவதில் இடைவெளி விழுந்தாலும், எப்படியும் வந்துவிடும் என்று அலுவலகங்கள் பாட்டுக்கு நடந்தன. 1980-இல் ஜிம்மி கார்ட்டரின் அட்டர்னி ஜெனரலாக இருந்த பெஞ்சமின் சிவிலெட்டி, சட்டத்தை அதன் எழுத்துப்படி படித்து, ஒதுக்கீடு இல்லையென்றால் வேலையை நிறுத்தத்தான் வேண்டும் என்று கருத்துச் சொன்னார். 1981 ஜனவரியில், மனித உயிரையும் உடைமையையும் காக்கும் வேலைகள் மட்டும் தொடரலாம் என்று ஒரு விளக்கம் கொடுத்தார். இன்றைக்கு நாம் பார்க்கிற ஷட்டவுன் முழுவதும் இந்த இரண்டு கடிதங்களிலிருந்து முளைத்தது. எந்த வாக்காளரும் கேட்கவில்லை, எந்தக் கட்சியும் வாக்குறுதி கொடுக்கவில்லை.

அந்த இரண்டாவது கடிதம்தான் ஊழியர்களை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு கூட்டம் வீட்டில் இருக்க வேண்டும், சம்பளம் கிடையாது. இன்னொரு கூட்டம் வேலைக்கு வர வேண்டும், அவர்களுக்கும் சம்பளம் கிடையாது. 2025-இல் முதல் வகையில் சுமார் 6,70,000 பேர், இரண்டாம் வகையில் சுமார் 7,30,000 பேர் என்று ஒரு கணக்கு வெளிவந்தது.

வீட்டில் இருப்பவர்களை ஃபர்லோ என்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் லீவு மாதிரி இருக்கும், ஆனால் இது வேறு. முதல் நாள் கொஞ்ச நேரம் வந்து கோப்புகளை ஒழுங்கு செய்யலாம், ஃபோனில் தகவல் பதிவு செய்யலாம். அதற்கப்புறம் அலுவலக மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பதுகூடத் தவறு. ஆர்வத்தில் இலவசமாக வேலை செய்து கொடுக்கிறேன் என்றாலும் முடியாது. அரசு இலவச உழைப்பை ஏற்கக்கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு துறையில் புள்ளிவிவரம் பார்க்கிறவர். அக்டோபர் முழுவதும் தோட்டத்து வேலியைப் பிரித்துப் பிரித்துக் கட்டினார். வேலி நன்றாகத்தான் இருந்தது. கேட்டால், கை சும்மா இருந்தால் கையிருப்பு ஞாபகம் வருகிறது என்பார்.

ஆனால் அவரைவிடக் கஷ்டம் வேலைக்குப் போனவர்களுக்கு. ஃபர்லோவில் இருப்பவர் வேலையின்மை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், பிற்பாடு சம்பளம் வந்ததும் திருப்பிக் கட்ட வேண்டும். தினமும் வேலைக்குப் போகிறவருக்குப் பொதுவாக அதுவும் கிடையாது. அவர் வேலையில்தானே இருக்கிறார்! பெட்ரோல் அவர் போட வேண்டும், குழந்தைகள் காப்பகத்துக்கு அவர் கட்ட வேண்டும். பகுதி நேரமாக வேறு வேலை பார்க்கலாம் என்றால் ஷிஃப்ட் விடாது.

எங்கள் பக்கத்து வீட்டு அம்மா எத்தியோப்பியாவிலிருந்து வந்தவர், விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை செய்கிற டிஎஸ்ஏ ஊழியர். நாடு முழுக்க அவரைப் போல் சுமார் 50,000 பேர் இருக்கிறார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு அவருடைய கார் கிளம்பும் சத்தம் கேட்கும். ஷட்டவுனிலும் கேட்டது. அக்டோபர் நடுவில் பாதிச் சம்பளம் வந்தது, செப்டம்பரில் வேலை செய்த நாட்களுக்கு மட்டும். அடுத்ததில் பூஜ்யம். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் கொண்டுபோய்க் கொடுத்தபோது வாசலில் நின்று ரொம்ப நேரம் பேசினார். வழக்கமாக அவ்வளவு பேசுகிறவர் இல்லை. சோதனை வரிசையில் சில பயணிகள் பரிதாபப்பட்டுப் பணத்தை நீட்டுகிறார்களாம், வாங்க முடியாது, விதி. விமான நிலையத்தில் ஊழியர்களுக்கென்று மேஜை போட்டு டப்பா உணவும் டயப்பரும் வைத்திருக்கிறார்களாம். அதை எடுத்துக்கொள்ளலாம். “டயப்பர் தேவைப்படாத வயது எனக்கு, அதுவரை நல்லது” என்று சிரித்தார்.

இந்த ஏரியாவில் இப்படி உதவி செய்கிறவர்களுக்குக் குறைவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கேப்பிடல் ஏரியா ஃபுட் பேங்க் அரசு ஊழியர்களுக்கென்றே தனியாக உணவுப் பைகள் கொடுத்தது. அடையாள அட்டையைக் காட்டினால் போதும். நேவி ஃபெடரல் போன்ற கடன் சங்கங்கள் வட்டியில்லாத கடன் கொடுத்தன. 2019-இல் சமையல் கலைஞர் ஹோசே ஆண்ட்ரஸ் வாஷிங்டனில் இலவசச் சமையலறையே திறந்தார். அந்தச் சமயத்தில்தான் வர்த்தக அமைச்சராக இருந்த வில்பர் ராஸ், இவர்கள் கடன் வாங்காமல் எதற்கு உணவு வங்கிக்குப் போகிறார்கள், புரியவில்லையே என்று தொலைக்காட்சியில் கேட்டார். கோடீஸ்வரர் அவர். உண்மையிலேயே புரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

சம்பளம் இல்லையென்றால் வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டியதுதானே? இதை என் அம்மா கேட்டார். ஆகஸ்டில் மதுரையிலிருந்து வந்திருந்தார், அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். “ஏன்டா, சம்பளம் குடுக்கலைன்னா இவங்க எதுக்குடா வேலைக்கு வர்றாங்க?” இங்கே மத்திய அரசு ஊழியர் வேலைநிறுத்தம் செய்வது சட்ட விரோதம். 1981 ஆகஸ்டில் விமானக் கட்டுப்பாட்டாளர்கள் ஸ்டிரைக்கில் இறங்கினார்கள். 48 மணி நேரம் கெடு கொடுத்தார் ரொனால்ட் ரீகன். திரும்பி வராத 11,000-க்கும் அதிகமானோரை ஒரேயடியாக வேலையை விட்டு நீக்கினார். அந்த பயம் இன்னும் போகவில்லை. வாஷிங்டன் நகரத்துக்கு மிக அருகில் இருக்கும் விமான நிலையத்துக்கு 1998-இல் அதே ரீகனின் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர் போட்ட கட்டடத்தில் கட்டுப்பாட்டாளர்கள் சம்பளமில்லாமல் உட்கார்ந்து காங்கிரஸ் உறுப்பினர்களின் விமானத்தை இறக்கிவிட்டார்கள்.

அம்மாவுக்கு உடனே 2003 ஞாபகம் வந்தது. அந்த ஜூலையில் தமிழ்நாட்டில் வேலைநிறுத்தம் செய்த சுமார் 1.7 லட்சம் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் நீக்கப்பட்டார்கள். “நாங்க வேலைக்குப் போகாம சம்பளத்தை விட்டோம். இவங்க வேலைக்குப் போயும் விடுறாங்களா?” என்றார். இதற்கு நான் பதில் சொல்லவில்லை.

அப்படியானால் கட்டுப்பாட்டாளருக்கு என்னதான் வழி? உடம்பு சரியில்லை என்று சொல்வதுதான். நிஜமாகவே சரியில்லாமலும் இருக்கும். ஆள் பற்றாக்குறையால் வாரத்துக்கு ஆறு நாள், ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் வேலை செய்கிறவர்கள் பலர். நாட்டுக்குத் தேவையானதைவிட மூவாயிரத்துக்கும் அதிகமான கட்டுப்பாட்டாளர்கள் குறைவு. 56 வயதில் கட்டாய ஓய்வு. புதிதாக ஒருவரை ஓக்லஹோமா சிட்டியில் இருக்கும் பள்ளியில் சேர்த்து, பிறகு ஏதாவது ஒரு கோபுரத்தில் பழக்கி, தனியாக உட்கார வைக்க இரண்டு மூன்று வருடமாவது ஆகும். இந்த வேலையில் ஒருவர் வாடகையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அக்டோபர் 28 அவர்களுக்கு முழுச் சம்பளமும் வராத முதல் நாள். அன்றைக்கு அவர்களுடைய சங்கத்தினர் விமான நிலைய வாசல்களில் நின்று பயணிகளிடம் துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள், பணி நேரம் முடிந்த பிறகு.

இதற்கு நடுவில் ஒரு கூத்தும் நடந்தது. சோதனை வரிசைக்குப் பக்கத்தில் இருக்கும் திரைகளில் போடச் சொல்லி, உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் கிறிஸ்டி நோயம் பேசும் ஒரு வீடியோ அனுப்பப்பட்டது. இதற்கெல்லாம் காரணம் ஜனநாயகக் கட்சிதான் என்பது சாரம். போர்ட்லேண்ட், சியாட்டில் உள்பட பல விமான நிலையங்கள் போட மறுத்துவிட்டன. யார் காரணம் என்பதில் எனக்கும் கருத்து உண்டு, இங்கே அது வேண்டாம். காலாவதியாகப் போகும் மருத்துவக் காப்பீட்டு மானியத்தை நீட்டித்தால்தான் வாக்களிப்போம் என்றது ஜனநாயகக் கட்சி. முதலில் அரசைத் திற, அப்புறம் பேசலாம் என்றது ஆளும் குடியரசுக் கட்சி. மசோதா நகர செனட்டில் 60 வாக்கு வேண்டும், ஆளும் கட்சிக்கு 53 இடம்தான். பிரதிநிதிகள் சபையோ செப்டம்பர் 19-க்குப் பிறகு வாக்களிக்கக் கூடவே இல்லை, நவம்பர் 12 வரை. உறுப்பினர்களின் சம்பளம் மட்டும் தவறாமல் வந்தது. சட்டம் அப்படி.

சம்பளம் யாருக்குக் கொடுப்பது என்பதிலும் பாரபட்சம் இருந்தது. ராணுவத்தினருக்கு வேறு கணக்கிலிருந்து பணத்தை எடுத்து அக்டோபர் 15-இல் கொடுத்துவிட்டார்கள். குடியேற்ற அமலாக்கத் துறையினருக்கும் கிடைத்தது. டிஎஸ்ஏ அதே அமைச்சகத்தில்தான் இருக்கிறது, சோதனை வரிசையில் நிற்பவர்களுக்குக் கிடைக்கவில்லை. என் பக்கத்து வீட்டம்மா இதைச் சொன்னபோதுதான் அவர் குரலில் முதல் தடவையாகக் கோபம் தெரிந்தது. சம்பளம் வராததைவிட, பணம் இருந்தும் தனக்கில்லை என்பது அவரை அதிகமாகக் குத்தியது.

2019 ஷட்டவுன் நடந்தபோது ஒரு நல்ல காரியம் செய்தார்கள். இனி எப்போது மூடினாலும், திறந்த பிறகு ஊழியர்களுக்கு விட்டுப்போன சம்பளத்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அதுவரை ஒவ்வொரு தடவையும் காங்கிரஸ் மனது வைக்க வேண்டியிருந்தது. ஆனால் 2025 அக்டோபர் முதல் வாரத்தில், ஃபர்லோவில் இருப்பவர்களுக்கு அப்படிக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று வாதாடும் ஒரு வரைவுக் குறிப்பு வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகத்திலிருந்து கசிந்தது. கேட்டதற்கு, அது ஆளைப் பொறுத்தது என்கிற தொனியில் டிரம்ப் பதில் சொன்னார். அக்டோபர் 10-இல் 4,000-க்கும் மேற்பட்டோருக்கு வேலைநீக்க நோட்டீஸ் போனது. சான் பிரான்சிஸ்கோ நீதிபதி ஒருவர் அதை நிறுத்தி வைத்தார். முந்தைய ஷட்டவுன்களில், பணம் தாமதமாகும் ஆனால் வந்துவிடும் என்ற நிம்மதியாவது இருந்தது. இந்தத் தடவை அதையும் பிடுங்கப் பார்த்தார்கள். கடைசியில் கொடுத்தார்கள், நோட்டீஸ்களையும் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதற்குள் எத்தனை பேர் வேறு வேலை தேடிப் போயிருப்பார்கள்!

சரி, இதெல்லாம் அரசு அடையாள அட்டை வைத்திருப்பவர்கள் கதை. எங்கள் தமிழ் வட்டாரத்தில் இன்னொரு வகை ஆட்கள்தான் அதிகம்: காண்ட்ராக்டர்கள். ஹெர்ண்டன், ஆஷ்பர்ன் பக்கம் இருக்கிற கம்பெனிகளில் வேலை, ஆனால் செய்வது ஏதாவது ஒரு மத்திய அரசுத் துறையின் கணினி வேலை. துறை மூடியதும் கம்பெனிக்கு வேலையை நிறுத்து என்று ஒரு கடிதம் வரும். கம்பெனி தன் ஆட்களைச் சேர்த்து வைத்திருக்கும் லீவை எடுக்கச் சொல்லும். லீவு தீர்ந்ததும் சம்பளமில்லாத லீவு. அரசு திறந்த பிறகு இவர்களுக்கு எதுவும் திரும்பி வராது. 2019 சட்டத்தில் இவர்கள் இல்லை. கணினி வேலை செய்கிறவர்களாவது பரவாயில்லை. அரசுக் கட்டடங்களைக் கூட்டித் துடைப்பவர்கள், காவலாளிகள், அருங்காட்சியகத்தில் சாப்பாடு பரிமாறுகிறவர்கள் எல்லாம் காண்ட்ராக்ட் ஆட்கள்தான். அக்டோபர் 12-இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் மூடியபோது, விலங்குக் காட்சி சாலையின் பாண்டா கேமரா நின்றுபோனது பெரிய செய்தியாயிற்று. பாண்டாவுக்கு மூங்கில் தவறாமல் கிடைத்தது. உணவகத்தில் தட்டு கழுவுகிறவருக்கு என்ன கிடைத்தது என்று யாரும் கேமரா வைக்கவில்லை.

காண்ட்ராக்டர்களுக்கும் ஈடு கொடுக்க வேண்டும் என்று மின்னசோட்டா செனட்டர் டினா ஸ்மித் மசோதா கொண்டுவந்து பார்த்திருக்கிறார். நிறைவேறவில்லை.

வெளிநாட்டவருக்கான வேலை விசாவான எச்-1பியில் இருப்பவர்களுக்கு வேறு மாதிரி முடக்கம். விசா, பாஸ்போர்ட், குடியேற்றத் துறை வேலைகள் பெரும்பாலும் விண்ணப்பக் கட்டணத்தில் ஓடுவதால் அவை நிற்பதில்லை. ஆனால் எச்-1பி மனுவுக்கு முன்னால் தொழிலாளர் துறை ஒரு சான்று தர வேண்டும். அந்தத் துறை காங்கிரஸ் பணத்தில் ஓடுவது. அக்டோபர் 1-ஆம் தேதி அந்த இணையதளமே அணைந்துவிட்டது. கம்பெனி மாற ஒப்புக்கொண்டு பழைய இடத்தில் ராஜினாமா கொடுத்தவர்கள், வேலை போய், வேறு வேலை தேடக் கிடைக்கும் 60 நாள் அவகாசத்தில் ஓடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் மாட்டிக்கொண்டார்கள். கிரீன் கார்டுக்கான முதல் படியும் அதே துறையில்தான். நல்லவேளையாக, ஷட்டவுன் முடியும் முன்னரே அக்டோபர் 31-இல் அந்தப் பிரிவைத் திறந்துவிட்டார்கள். கம்பெனிகள் கொடுத்த நெருக்கடியாக இருக்கலாம். என் வாட்ஸ்அப் குழுக்களில் அந்த ஒரு மாதம் ஓடிய புலம்பலைத் தொகுத்தால் புத்தகமே போடலாம்.

தேசியப் பூங்காக்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2013-இல் மூடிவைத்துத் திட்டு வாங்கினார்கள், 2019-இல் ஆளில்லாமல் திறந்துவைத்து ஜாஷுவா ட்ரீ பூங்காவில் மரங்களையே நாசம் பண்ண விட்டார்கள். 2025-இல் பல பூங்காக்கள் பாதி திறந்து பாதி மூடி ஓடின. யூட்டா மாதிரி மாநிலங்கள் சுற்றுலா வருமானம் போய்விடும் என்று தங்கள் கைப்பணத்தைப் போட்டன.

விமானத்துக்கு வருகிறேன். நவம்பர் 1-இல் 4.2 கோடிப் பேருக்கான உணவு உதவி நின்றது. வரலாற்றில் அப்படி நின்றதே கிடையாது. நீதிமன்றம், மேல்முறையீடு என்று இழுபறியாக இருந்ததே தவிர, அன்றைக்கும் அரசு திறக்கவில்லை. நவம்பர் 5-இல் போக்குவரத்து அமைச்சர் ஷான் டஃபி, 40 பெரிய விமான நிலையங்களில் உள்நாட்டு விமானங்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தார். 7-ஆம் தேதி 4 சதவீதம், 11-இல் 6, 14-க்குள் 10 சதவீதம் என்று திட்டம். நாடு அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தது.

அம்மா அந்த வாரம் சார்லட்டில் தங்கை வீட்டில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து டல்லஸ் வந்து, இரவு விமானத்தில் தோஹா வழியாக ஊருக்குப் போக வேண்டும். சனிக்கிழமை மாலை, சார்லட் விமானம் ரத்து என்று ஃபோனில் குறுஞ்செய்தி. வெளிநாட்டு விமானங்களைக் குறைக்கவில்லை, அதனால் இரவு விமானம் நிச்சயம் கிளம்பும். அம்மா இல்லாமல். தனித்தனி டிக்கெட் என்பதால் ஒருவர் இன்னொருவருக்குப் பொறுப்பில்லை. ரத்தான விமானத்துக்கு முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும், மலிவு டிக்கெட்டாக இருந்தாலும். ஓட்டல், சாப்பாடு, தவறவிட்ட அடுத்த விமானம் இதற்கெல்லாம் விமான கம்பெனியைக் கேட்க முடியாது. தப்பு அவர்களுடையதில்லையே. தங்கை வீட்டுக்காரர் விடியற்காலையில் அம்மாவையும் இரண்டு பெரிய பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு வடக்கே வண்டியை விட்டார். நடுவில் ஒரு பெட்ரோல் பங்கில் புளியோதரை. ஆறரை மணி நேரம் என்று மேப் சொன்னது, ஞாயிற்றுக்கிழமை நெரிசல் வேறு மாதிரி சொன்னது. அன்றைக்கு நாடு முழுவதும் 2,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாகியிருந்தன. எங்களுக்குக் கார் இருந்தது, ஓட்ட ஆள் இருந்தது. வழியில் அதே மாதிரி பெட்டிகள் திணித்த கார்களைப் பார்த்ததாக அவர் சொன்னார்.

அன்று இரவு அம்மா பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்றுகொண்டிருந்த நேரத்தை ஒட்டித்தான் செனட்டில் எட்டுப் பேர் கட்சி வரிசையை விட்டு வந்து 60 வாக்கு சேர்ந்தது. மறுநாள் மசோதா செனட்டில் நிறைவேறியது. 12-ஆம் தேதி பிரதிநிதிகள் சபை 222-க்கு 209 என்று ஒப்புக்கொள்ள, இரவே டிரம்ப் கையெழுத்துப் போட்டார். மானிய நீட்டிப்பு அதில் இல்லை, டிசம்பரில் ஒரு வாக்கெடுப்பு என்ற வாக்குறுதிதான் இருந்தது.

விமானம் மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அது மிகை. நவம்பர் 4 தேர்தல் முடிந்திருந்தது, உணவு உதவி நெருக்கியது, நன்றி நவிலல் விடுமுறை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனால் 2019-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 34 நாள் எட்டு லட்சம் பேர் சம்பளமில்லாமல் இருந்தார்கள், ஒன்றும் நகரவில்லை. 35-ஆவது நாள், ஜனவரி 25 காலை, வாஷிங்டன் வட்டாரத்திலும் ஜாக்சன்வில்லிலும் இருக்கும் வான்வழிக் கட்டுப்பாட்டு மையங்களுக்குப் பத்துப் பேர் வரவில்லை. நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்துக்கு வரவிருந்த விமானங்களை நிறுத்திவைத்தார்கள். அன்று மதியம் டிரம்ப் வெள்ளை மாளிகையின் ரோஜாத் தோட்டத்துக்கு வந்து அரசைத் திறக்கச் சம்மதித்தார். எட்டு லட்சம் பேரின் வெறும் பர்ஸ் செய்யாததைப் பத்துக் காலி நாற்காலிகள் ஒரே காலையில் செய்தன.

இதில் எனக்குச் சந்தோஷம் ஒன்றுமில்லை. பயணிகள் தவிக்க வேண்டும் என்று ஆசைப்படவும் முடியாது, எங்கள் அம்மாவே அதில் ஒரு பயணி. ஆனால் அரசியல்வாதிகள் காதில் விழும் ஒலிபெருக்கி பயணிகளிடம் இருக்கிறது, ஊழியர்களிடம் இல்லை. பூச்சிக்கொல்லி மருந்தைப் பரிசோதிக்கிறவர், பருவநிலைக் கணக்கு எடுக்கிறவர், உணவு உதவிக்கு விண்ணப்பம் பார்க்கிறவர் எல்லாம் மாதக்கணக்கில் இல்லாமல் போனாலும் அன்றைக்கே யாருக்கும் உறைக்காது. விமானம் நின்றால் ஒரு மணி நேரத்தில் உறைக்கும். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் விமான நிலையம் உடையும் வரை இழுக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

திறந்த பிறகு நடந்ததில் ஒன்று இன்னும் உறுத்துகிறது. ஷட்டவுன் முழுக்க ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத கட்டுப்பாட்டாளர்களுக்கும் தொழில்நுட்ப ஊழியர்களுக்கும் தலைக்கு 10,000 டாலர் போனஸ் என்று அறிவித்தார்கள். 776 பேருக்குக் கிடைத்தது. சுமார் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுப்பாட்டாளர்கள் சம்பளமில்லாமல் வேலை பார்த்திருந்தார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் வராதவர், மற்ற பணி நாளெல்லாம் வந்திருந்தாலும், கணக்கில் இல்லை. சம்பளம் கொடுக்காத முதலாளி வருகைப் பதிவேட்டை மட்டும் இவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறார்.

டல்லஸில் விமானக் குறைப்பு நவம்பர் 17 காலை முடிந்தது. பக்கத்து வீட்டம்மாவுக்குச் சம்பள பாக்கி வந்துவிட்டது. வந்ததில் ஒரு பகுதி, கிரெடிட் கார்டுக்குத் தாமதக் கட்டணமாகப் போயிற்று. அதை யாரும் ஈடு செய்ய மாட்டார்கள். மூப்பு இருக்கிறது, ஓய்வூதியம் இருக்கிறது, அதனால் வேலையை விடுவதாக இல்லை என்கிறார். அவரோடு புதிதாகச் சேர்ந்த இளைஞர்களில் சிலர் அக்டோபரிலேயே கிளம்பிவிட்டார்களாம்.

நவம்பரில் போட்ட ஏற்பாடு எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கவில்லை. விவசாயத் துறைக்கும் முன்னாள் படைவீரர் துறைக்கும் முழு ஆண்டுப் பணம் வந்துவிட்டது, அதனால் உணவு உதவி 2026 செப்டம்பர் வரை தப்பித்தது. மற்ற பல துறைகளுக்கு 2026 ஜனவரி 30 வரைதான் கொடுத்தார்கள். விமானப் போக்குவரத்தும் டிஎஸ்ஏவும் அந்த மற்றவற்றில் அடங்கின. காண்ட்ராக்ட் வேலையில் இருக்கும் நண்பர் ஒருவர் பொங்கலுக்குச் சென்னை போக டிக்கெட் போட்டிருந்தார். அக்டோபரில் சேர்த்து வைத்திருந்த லீவெல்லாம் கரைந்துவிட்டது. டிசம்பரில் சேரவிருந்த நாலைந்து நாளை ஜனவரி 30-க்கு அப்புறம் தேவைப்படும் என்று எடுத்து வைத்தார். டிக்கெட்டை ரத்து செய்தார். தானாக ரத்து செய்ததால் அபராதம் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுத்தார்கள்.